நாலடி இறக்கையோடு வானவில் பேரணியில் நடப்பது எப்படி?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது: ஜூன் கடைசி ஞாயிறு, பால்புதுமையினர் (ஒருபால் ஈர்ப்பினர், திருநர் முதலானோர்) நடத்தும் சென்னை வானவில் சுயமரியாதைப் பேரணிக்கு முதல் தடவையாகப் போகிறீர்கள். ஆறு நிறத்தில் நாலடி அகலத்துக்குப் பெரிய இறக்கை கட்டி, கீழே புடவையோ வேட்டியோ உடுத்தி நடக்க ஆசை. இறக்கையை அட்டையில் செய்யலாமா, ஃபோமில் செய்யலாமா, வெயிலில் மேக்கப் நிற்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், "வீட்டில் இன்னும் தெரியாது, அதனால் எதற்கும்..." என்று பாதியில் விட்டிருக்கிறீர்கள். அட்டையா ஃபோமா என்பது அரை நாள் வேலை. மூன்று மணி நேரம் வெயிலிலும் காற்றிலும் கூட்டத்திலும் அதைச் சுமந்துவிட்டு, தலை சுற்றாமல், யாரையும் குத்தாமல், நினைத்தபடி வீடு திரும்புவதுதான் பெரிய வேலை. மேடை உடை செய்யும் தொழில் என்பதால் உடை பற்றி உறுதியாகவே சொல்வேன். உடம்பையும் சட்டத்தையும் பற்றிச் சொல்வதை அந்தந்தத் துறைக்காரரிடம் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மேடைக்குச் செய்யும் வேஷம் இருபது நிமிடம் தாங்கினால் போதும். தெருவுக்குச் செய்வதற்குக் கணக்கு வேறு. இந்தக் கணக்கு நம் ஊரில் எப்போதோ போட்டு முடிக்கப்பட்டதுதான். பொய்க்கால் குதிரையைக் கவனியுங்கள். குதிரைக் கூடு ஆடுபவரின் இடுப்பைச் சுற்றி, உடம்பின் நடுக்கோட்டில் தொங்கும். முன்னாலோ பின்னாலோ சாயாது. கூத்தில் கட்டும் கிரீடமும் புஜக்கட்டையும் பார்வைக்குப் பொன் பாரம். உள்ளே இருப்பது கல்யாண முருங்கை மாதிரி எடையே இல்லாத மரம். விடிய விடிய ஆட வேண்டியவர்கள் கண்டுபிடித்த வழி அது. பாரம் குறைவாக இருக்க வேண்டும், உடம்பை ஒட்டி இருக்க வேண்டும். இறக்கைக்கும் இந்த இரண்டும்தான் சட்டம்.

முதலில் அட்டை விஷயத்தை முடித்துவிடுவோம். வேண்டாம். அட்டை வியர்வையில் ஊறும், ஜூன் மாலை மழையில் கூழாகும், எல்லாவற்றையும் விட காற்றுக்குப் பாய்மரம் மாதிரி நிற்கும். சென்னையில் அந்த நாட்களில் பிற்பகலுக்கு மேல் கடற்காற்று உள்ளே வரும். மேலைக்காற்று பலமாக இருந்தால் அது தாமதமாகும். அன்றைக்கு வெயில்தான் பிரச்சினை. வந்துவிட்டால் காற்று பிரச்சினை. எது வாய்க்கும் என்று முந்தின நாளே யாராலும் சொல்ல முடியாது. ஆனால் காற்று என்ன செய்யும் என்பதைக் கணக்குப் போடலாம். இரண்டு இறக்கையும் சேர்ந்து ஒரு சதுர மீட்டர் மூடிய பரப்பு என்று வையுங்கள். மணிக்கு 20 கி.மீ. காற்று நேராக அடித்தால் ஏறக்குறைய 2 கிலோ பாரத்தைக் கட்டி இழுக்கிற அளவு தள்ளும். 30 கி.மீ. ஆனால் 5 கிலோ. வேகம் ஒன்றரை மடங்கானால் விசை இரண்டேகால் மடங்காகும் என்பதால் இந்தத் தாவல். அதுவும் சீராகத் தள்ளாது, இரண்டு கட்டடங்களுக்கு நடுவே சட்டென்று அடித்து நிற்கும். அட்டையோ ஃபோம் ஷீட்டோ முழுப் பரப்பாக இருந்தால் அந்த நொடியில் இறக்கை ஒடியும், அல்லது நீங்கள் பக்கத்து ஆள் மேல் சாய்வீர்கள். அதனால் காற்றை உள்ளே விடுகிற இறக்கைதான் சரி: பிரம்புச் சட்டம், வலைத்துணி அடித்தளம், மேல் ஓரத்தில் மட்டும் தைத்த துணி இறகுகள். காற்று அடித்தால் இறகு தூக்கிக்கொண்டு வழி விடும். நடக்கும்போது படபடக்கும் அழகும் அதிலிருந்துதான் வருகிறது.

வேலையை இறக்கையிலிருந்து தொடங்காதீர்கள், முதுகிலிருந்து தொடங்குங்கள். பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். அழகான இறக்கையைச் செய்து முடித்து, கடைசி ராத்திரி இரண்டு எலாஸ்டிக் பட்டையைத் தைத்து, மறுநாள் அக்குள் புண்ணாகித் திரும்புவார்கள். பழைய டிரெக்கிங் பை ஒன்று கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. அதில் தேவைப்படுவது தோள்பட்டையும், முக்கியமாக இடுப்புப் பட்டையும். பள்ளிக்கூடப் பை என்றால் இடுப்புப் பட்டை இருக்காது; இரண்டு அங்குல நைலான் பட்டை வாங்கி கிளிப் பக்கிள் வைத்துத் தைத்துக்கொள்ளலாம். நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு அங்குலப் பட்டை ஒன்றும் வேண்டும். அது இல்லாவிட்டால் கையைத் தூக்கி ஆடும்போது தோள்பட்டை நழுவும். முதுகுப் பலகைக்கு 6 மி.மீ. பிளைவுட், 30 செ.மீ. உயரம், 25 செ.மீ. அகலம், மூலைகளை வட்டமாக அறுத்து உப்புத்தாள் போட்டது. முதுகைத் தொடும் பக்கம் பழைய யோகா பாயை வெட்டி ஒட்டுங்கள். ஆனால் முழுதாக ஒட்டாமல், முதுகெலும்பு வரும் இடத்தில் நாலு விரல் அகலத்துக்கு நீளவாக்கில் இடைவெளி விடுங்கள். வியர்வையும் காற்றும் போக அது ஒன்றுதான் வழி.

இறக்கையைக் கழற்றி மாட்டும்படி செய்வது கட்டாயம். நாலடி அகலத்தோடு ஆட்டோவில் ஏற முடியாது, மெட்ரோ டிக்கெட் கேட்டிலும் நுழைய முடியாது. எலக்ட்ரிக்கல் கடையில் வயர் ஓட்டும் பி.வி.சி. குழாய் 20 மி.மீ.யிலும் 25 மி.மீ.யிலும் கிடைக்கும். சின்னது பெரியதற்குள் போகும். 25 மி.மீ. குழாயில் 20 செ.மீ. துண்டு இரண்டு வெட்டி, பலகையில் வி வடிவத்தில், இரண்டு இரண்டு சேடில் (குழாயைப் பிடித்து வைக்கும் வளைந்த கிளிப்) போட்டு, திருகாணி அல்ல, போல்ட்டும் நட்டும் கொடுத்து இறுக்குங்கள். இவை இறக்கையின் உறை. இறக்கையின் அடியில் 20 மி.மீ. துண்டு இருக்கும், உள்ளே சொருகி, குறுக்கே துளையிட்டு ஒரு போல்ட், அதற்கு விரலால் திருகும் விங் நட். உள்குழாய் ஆடினால் இன்சுலேஷன் டேப் ஒரு சுற்று. குறுக்குத் துளை இல்லாமல் சொருகி மட்டும் வைத்தால் இறக்கை காற்றில் சுழன்று முன்னால் திரும்பிவிடும். இதைச் சொல்லாமல் விட்டால் கண்டிப்பாக நடக்கும், அதனால் சொல்கிறேன். போல்ட் முனை முதுகுப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. தலை முதுகுப் பக்கம், நட் வெளிப்பக்கம்.

சட்டத்துக்கு 8 மி.மீ. பிரம்பு. இரண்டு இறக்கைக்கும் சேர்த்து 12 மீட்டர் போதும், எடை நானூறு கிராமுக்குள் நிற்கும். அதே நீளத்துக்குப் பி.வி.சி. குழாய் போட்டால் ஒன்றரைக் கிலோ தாண்டும். அலுமினியக் கம்பி எளிதாக வளையும், அதுவே அதன் குறையும்: கூட்டத்தில் ஒருவர் இடித்தால் அப்படியே கோணிக்கொண்டு நிற்கும். பிரம்பு இடிபட்டாலும் திரும்பி வரும். மேலே மின்கம்பி போகிற தெருவில் உலோகம் எதுவும் தலைக்கு மேல் நீட்டாமல் இருப்பதும் நல்லது. பிரம்பை நாலைந்து மணி நேரம் தண்ணீரில் ஊறவையுங்கள். ஒரு பலகையில் இறக்கையின் வடிவத்தை வரைந்து, கோட்டை ஒட்டி ஆணி அடித்து, வேண்டியதைவிடக் கொஞ்சம் கூடுதலாக வளைத்துக் கட்டுங்கள். அவிழ்த்ததும் சற்று விரியும். நிழலில் இரண்டு நாள் காயட்டும். ஒரு இறக்கைக்கு மூன்று பிரம்பு: மேல் விளிம்பு, நடு நரம்பு, கீழ் விளிம்பு. மூன்று அடிமுனையும் சேர்ந்து 20 மி.மீ. குழாய்க்குள் போக வேண்டும். 8 மி.மீ. பிரம்பு மூன்று அப்படியே நுழையாது, மயிரிழையில் இடிக்கும். உள்பக்கமாகக் கத்தியால் ஒரு சீவல் எடுத்தால் கச்சிதமாக இறங்கும். இறங்கியதும் பசை விட்டு, குழாயோடு சேர்த்து ஒரு சின்ன போல்ட். பிரம்புகள் ஒன்றையொன்று தாண்டும் இடங்களில் மெழுகு நூல் சுற்றிக் கட்டுவதே மேல். கேபிள் டை போடுவதானால் வாலை ஒட்ட வெட்டி, நுனியைச் சூடு காட்டி மழுக்குங்கள். வெட்டிய கேபிள் டை பிளேடு மாதிரி கீறும்.

ஹாட் குளூ மீது அளவுக்கு மீறிய நம்பிக்கை வைக்காதீர்கள். சாதாரணக் குச்சிகளில் பல வகை 60, 70 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். நேர் வெயிலில் கறுப்புப் பலகையும், மூடி நிறுத்திய கார் டிக்கியும் அந்தச் சூட்டைத் தொட்டுவிடும். காலையில் கல்லு மாதிரி இருந்தது மத்தியானம் பிசின் மாதிரி இழுக்கும். பாரம் தாங்கும் எந்த இணைப்பும் கட்டாலோ தையலாலோ போல்ட்டாலோ நிற்க வேண்டும். அலங்காரத்துக்கு, செருப்பு ஒட்டுகிறவர்கள் வைத்திருக்கும் ரப்பர் பசை போதும். இரண்டு பக்கமும் தடவி, பத்து நிமிடம் காயவிட்டு, பிறகு அழுத்துங்கள்.

துணிக்கு ஆர்கன்ஸா, பாலியெஸ்டரில் வரும் மெல்லிய, மொடமொடப்பான துணி. சாட்டின் வேண்டாம், கனம், வியர்வை பட்டால் திட்டுத் திட்டாகக் கறை தெரியும். ஒவ்வொரு நிறத்திலும் அரை மீட்டர் கணக்குக்குப் போதும், வெட்டுச் சேதத்துக்கு முக்கால் மீட்டராக வாங்குங்கள். பாரிமுனையில் கோடவுன் தெருவுக்குப் போனால் துணிக்கு வேறெங்கும் அலைய வேண்டாம். மொத்த வியாபாரம்தான், ஆனால் வெட்டித் தரும் கடைகளும் உண்டு. கேட்டுப் பார்க்க வேண்டும். ஞாயிறு போய் ஏமாறாதீர்கள். ஒரு இறகு 25 செ.மீ. நீளம், 6 செ.மீ. அகலம், முனை கூராக. ஒரு இறக்கைக்கு ஆறு வரிசை, வரிசைக்குப் பதின்மூன்று என்றால் 78, இரண்டுக்கும் 156. ஓரம் பிரியாமலிருக்க மெழுகுவர்த்திச் சுடரை அருகில் காட்டினால் உருகி மூடும், ஒட்டக் காட்டினால் குப்பென்று பற்றும். ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் இருக்கட்டும். இதே காரணத்தால் பேரணியில் சிகரெட் பிடிப்பவர் பக்கத்தில் நிற்காதீர்கள். சட்டத்தின் மேல் கொசுவலைத் துணியை இழுத்துக் கட்டி, கீழ் வரிசையிலிருந்து மேல் நோக்கி, ஓடு வேய்வது போல ஒன்றின் மேல் ஒன்று படியத் தையுங்கள். மேலிருந்து ஆரம்பித்தால் ஒவ்வொரு வரிசையின் தையலும் பல்லிளிக்கும்.

நிற வரிசையில் அடிக்கடி ஒரு பிழை வருகிறது. பள்ளியில் படித்த வானவில்லுக்கு ஏழு நிறம், பேரணியில் பிடிக்கும் வானவில் கொடிக்கு ஆறு: மேலிருந்து சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம், ஊதா. அமெரிக்கக் கலைஞர் கில்பர்ட் பேக்கர் இந்தக் கொடியை 1978-ல் சான் பிரான்சிஸ்கோவில் முதலில் எட்டு நிறத்தில் செய்தார். அடர் இளஞ்சிவப்புத் துணி போதிய அளவு கிடைக்காததால் அது போனது. அடுத்த ஆண்டு பச்சைக்கும் நீலத்துக்கும் இடையில் இருந்ததும் போய் ஆறாக நின்றது. திருநர் கொடியைப் போட விரும்பினால் ஐந்து பட்டை: வெளிர்நீலம், வெளிர் இளஞ்சிவப்பு, நடுவில் வெள்ளை, மறுபடி இளஞ்சிவப்பு, நீலம். எந்தப் பக்கம் தலைகீழாகப் பிடித்தாலும் அதே வரிசை வரும்படி வைத்தது அது. தைப்பவருக்கு நிம்மதி. மயிலிறகு வைக்கலாமா என்று இன்னொருவரும் கேட்டிருந்தார். தானாக உதிர்ந்த மயிலிறகை நாட்டுக்குள் வாங்கி விற்கத் தடை இல்லை. வெளிநாட்டுக்கு எடுத்துப் போக மட்டும் அனுமதி இல்லை. ஆகவே வேறு நாட்டுப் பேரணிக்கு அதே உடையைக் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் தவிர்த்துவிடுங்கள்.

அகலத்தைவிட நுனியின் உயரத்தைத்தான் யோசிக்க வேண்டும். உங்கள் இறக்கை நுனி தரையிலிருந்து நாலரை அடி முதல் ஆறடிக்குள் நின்றால் அது பக்கத்தில் நடப்பவரின் கண் உயரம். நுனியை மேல் நோக்கி ஆறரை அடிக்கு மேல் கொண்டுபோங்கள், அல்லது தோளுக்குக் கீழே சரியவிடுங்கள். எப்படியும் பிரம்பு முனையில் ஒரு ஃபோம் உருண்டை செருகித் துணியால் மூட வேண்டும். பெரும்பாலும் சாலையின் ஒரு பக்கத்தில்தான் ஊர்வலம் போகும், மறுபக்கம் வண்டி ஓடும். நீங்கள் ஓரத்தில் நடக்காதீர்கள். நடுவில், பேனருக்கு நாலைந்து வரிசை பின்னால். பேனருக்கு நேர் பின்னே நின்றால் கேமராவும் நெரிசலும் அங்கேதான்.

புடவையா வேட்டியா என்றால், நடை அகலம் கிடைப்பதைக் கட்டுங்கள். சாதாரணக் கட்டுப் புடவையில் இறக்கை போட்டால் முந்தானை தோள்பட்டைக்கு அடியில் மாட்டும். முதலில் முந்தானையைப் பின் குத்தி, அதன் மேல் பட்டை வர வேண்டும். மாற்றிச் செய்தால் கழிப்பறையில் அவிழ்க்கும்போது எல்லாமே அவிழும். பஞ்சகச்சமோ, பரதநாட்டிய உடை மாதிரி விசிறி வைத்துத் தைத்த பைஜாமாவோ இதற்கென்றே செய்தது போல் பொருந்தும். இடுப்புப் பட்டை எதன் மேல் வந்தாலும், அதற்கடியில் பின் ஊசி ஒன்றும் இருக்கக் கூடாது. புடவை விளிம்பு கணுக்காலுக்கு இரண்டு அங்குலம் மேலே. ஹீல்ஸ் போட்டே தீருவேன் என்றால் இரண்டு அங்குலக் கட்டைக் குதிகால், கணுக்காலில் பட்டை உள்ளது. பழைய ஹீல்ஸாக இருந்தால் முந்தின வாரமே அடிப்பகுதியை இழுத்துப் பாருங்கள். வருடக்கணக்கில் அலமாரியில் கிடந்த பாலியூரித்தேன் அடி நாலு அடி நடந்ததும் பொடியாக உதிரும்.

முகத்துக்கு வருகிறேன். அரிதாரம் என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் சொல் முதலில் ஒரு மஞ்சள் கனிமத்தின் பெயர். ஆர்சனிக் கலந்தது. இன்றைக்கு அதை யாரும் முகத்தில் பூசுவதில்லை. ஆனாலும் பெயர், தயாரிப்பாளர், தேதி எதுவும் இல்லாத பொட்டலப் பொடியை வாங்கிப் பூசும் பழக்கம் மட்டும் போகவில்லை. எதை வாங்கினாலும் இரண்டு நாள் முன்பே முன்கையின் உள்பக்கம் ஒரு சொட்டு தடவிப் பாருங்கள். சென்னை ஜூனில் மேக்கப்பைக் கெடுப்பது வெயிலைவிட ஈரக்காற்று. வியர்வை ஆவியாகாமல் தோலிலேயே நின்று, கீழிருந்து மேக்கப்பைத் தூக்கிவிடும். கெட்டியாக ஒரே பூச்சுப் பூசினால் பாளமாக உரியும். மெல்லியதாக ஒரு பூச்சு, பவுடர் ஒற்றி எடுத்தல், மறுபடி ஒரு பூச்சு, மறுபடி பவுடர், கடைசியில் செட்டிங் ஸ்பிரே. சன்ஸ்கிரீன் இதற்கெல்லாம் கால் மணி நேரம் முன்பு. வியர்த்தால் துடைக்காதீர்கள், டிஷ்யூவை வைத்து ஒற்றுங்கள். நெற்றியிலிருந்து கண்ணுக்குள் வழிவதுதான் எரிச்சல் என்பதால் புருவத்துக்கு மேல் நிறத்தைக் குறைத்துக்கொள்வது நல்லது. ஸ்டேஷனரிக் கடை மினுமினுப்பைக் கண் பக்கமே கொண்டுபோகாதீர்கள், ஒரு துகள் கருவிழியைக் கீறப் போதும். அழகுசாதனத்துக்கென்றே வரும் மினுமினுப்பு மட்டும். கலைப்பதற்குக் கூத்துக்காரர்களின் தேங்காய் எண்ணெயை மிஞ்சிய பொருளை நான் பார்த்ததில்லை: எண்ணெய் தடவி, இரண்டு நிமிடம் ஊறவிட்டு, பழைய பருத்தித் துணியால் துடைத்து, பிறகு சோப்பு.

தண்ணீர் குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டுமே என்று குடிக்காமல் இருப்பார்கள். மயங்கி உட்காருபவர்களில் இந்தக் கணக்குப் போட்டவர்களே அதிகம். ஊர்வலம் நகரும் நேரத்தைவிட, அது கிளம்பக் காத்து நிற்கும் நேரம் நீளம். கிளம்புமுன் அரை லிட்டர், பிறகு கால் மணிக்கு ஒருமுறை நாலு வாய், உதட்டுச் சாயம் போகாமலிருக்க ஸ்ட்ரா. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்று பையில் இருக்கட்டும். ஆனால் அதில் பொட்டாசியம் உண்டு. ஹார்மோன் சிகிச்சையில் ஸ்பைரோனோலாக்டோன் என்ற மருந்தை எடுப்பவர்களுக்கு உடம்பில் பொட்டாசியம் ஏற்கெனவே கூட வாய்ப்புண்டு, அவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டு வருவது நல்லது. மார்பைத் தட்டையாக்க மார்புக்கட்டு அணியும் திருநம்பிகளுக்கு ஒரு வார்த்தை: இறக்கைப் பட்டையும் மார்புக்கட்டும் சேர்ந்தால் மூச்சு பாதியாகும். அன்றைக்கு ஒரு அளவு தளர்வானதைப் போடுங்கள், நெஞ்சுப் பட்டையைக் கொஞ்சம் மேலே ஏற்றிவையுங்கள். கிரேப் பேண்டேஜைச் சுற்றிக் கட்டுவது எப்போதுமே தவறு, அது மூச்சுக்கு ஏற்ப விரியாமல் இறுகிக்கொண்டே போகும். தலைவலி, குமட்டல், தலைச்சுற்றல் வந்தால் நிழலுக்குப் போய் இறக்கையைக் கழற்றி, கழுத்திலும் அக்குளிலும் தண்ணீர் விட வேண்டும். பேச்சு குழறினாலோ நடை தள்ளாடினாலோ அது வெப்பத்தாக்காக இருக்கலாம், 108-ஐக் கூப்பிடுங்கள். இதற்காகத்தான் பக்கிள்கள் எல்லாம் முன்பக்கம், ஒரு கையால், அடுத்தவர் உதவியில்லாமல் கழலும்படி இருக்க வேண்டும் என்கிறேன். முதுகில் நாடா முடிச்சுப் போட்டுக் கட்டும் உடை மேடைக்கு மட்டும்தான்.

இப்போது நீங்கள் பாதியில் விட்ட வரி. நாலடி இறக்கை போட்டவரைப் பத்திரிகைக்காரர் படம் எடுக்காமல் விட மாட்டார். கேட்டுவிட்டு எடுக்கச் சொல்லி ஏற்பாட்டாளர்கள் சொன்னாலும், பொதுச் சாலையில் எல்லாக் கைபேசியையும் யாராலும் கட்டுப்படுத்த முடியாது. சென்னையின் முதல் பேரணி மெரினாவில் 2009 ஜூன் 28 அன்று நடந்தபோது ஒருபால் உறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவு முழுசாக உயிரோடு இருந்தது. அது குற்றமில்லை என்ற டெல்லி உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்ததே நாலு நாள் கழித்து. அந்த நாட்களில் நாட்டின் பல ஊர்களிலும் முகமூடியோடு நடந்தவர்கள் நிறைய. 2018-ல் உச்ச நீதிமன்றமும் அது குற்றமில்லை என்று தீர்ப்பளித்த பிறகு சட்டத்தின் பயம் போனது, வீட்டின் பயம் எல்லோருக்கும் போய்விடவில்லை. முகமூடி போடுவதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. ஆனால் வெறும் வண்ணப்பூச்சை மறைப்பு என்று நம்பாதீர்கள், தெரிந்தவர்கள் நடையையும் பல்வரிசையையும் வைத்தே கண்டுபிடிப்பார்கள். மறைப்பதானால் மூக்குக்கு மேல் முழுதாக மூடும் பாதி முகமூடி, அதோடு இறக்கை நிறத்திலேயே ஒரு தலைப்பாகை. கையில் பச்சை குத்தியிருந்தால் முழங்கை வரை உறை. தினமும் போடும் வாட்சும் மோதிரமும் வீட்டில். இறக்கையை வீட்டில் செய்யவும் வேண்டாம், நண்பர் வீட்டில் செய்யுங்கள். சாதாரண உடையில் போய், இடத்துக்கு அருகில் மாற்றி, முடிந்ததும் கலைத்துவிட்டுக் கிளம்புங்கள். வம்பு வருவதானால் அது பெரும்பாலும் பேரணிக்குள் வராது. கூட்டம் கலைந்த பிறகு, மேக்கப் கலையாத முகத்தோடு தனியாக ஆட்டோ தேடும் அந்த அரை மணி நேரத்தில்தான் வரும்.

போலீஸ் அனுமதி ஏற்பாட்டாளர்கள் வாங்குவது. பாதையும் நேரமும் அதில் கட்டுப்படும், வருடத்துக்கு வருடம் மாறும். பின்னாட்களில் எழும்பூர் ராஜரத்தினம் மைதானப் பக்கமும் நடந்திருக்கிறது. அந்த வாரம் அவர்கள் அறிவிப்பதை மட்டும் நம்புங்கள். நீங்கள் விரும்பிய உடையில் நடப்பது குற்றமில்லை. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021-லிருந்து பிறப்பித்த உத்தரவுகளைத் தொடர்ந்து, தமிழக காவலர் நடத்தை விதிகளில் 2022-ல் ஒரு விதி சேர்ந்தது: பால்புதுமையினரையும் அவர்களுக்காக வேலை செய்பவர்களையும் காவலர் துன்புறுத்தக் கூடாது. சட்டப்படி விசாரிக்கும் உரிமை அவர்களுக்கு அப்படியே இருக்கிறது, அதனால் அடையாள அட்டை ஒன்று உள்பையில் இருக்கட்டும். உடையில் தவிர்க்க வேண்டியவை இரண்டு என்பது உறுதி: தேசியக் கொடியை இடுப்புக்குக் கீழே வரும்படி எந்த வகையிலும் உடுத்துவது, காவலர் சீருடையை அப்படியே நகல் எடுப்பது. சாமி வேஷம் சர்ச்சையைக் கிளப்பலாம். என் அபிப்பிராயம், முதல் தடவை வருபவர் அந்தச் சர்ச்சையைத் தலையில் தூக்கிக்கொள்ள வேண்டாம்.

எல்லாம் முடிந்ததும் தராசில் வையுங்கள். நான் சொன்ன அளவில் இரண்டு கிலோ சொச்சம் வரும். மூன்றைத் தாண்டினால் அலங்காரத்தைக் கழியுங்கள், பட்டையைக் கழிக்காதீர்கள். ஒரு வாரம் முன்பு மாலை நாலு மணிக்கு மொட்டை மாடியில் முழு வேஷத்தோடு முக்கால் மணி நேரம் நடந்து, ஐம்பது தடவை குதியுங்கள். பறை அடிக்க ஆரம்பித்தால் நீங்கள் நடக்கப்போவதில்லை, ஆடப்போகிறீர்கள். அதைத் தாங்குமா என்று குதித்தால்தான் தெரியும். எங்கே சிவக்கிறதோ அங்கே இன்னொரு துண்டு யோகா பாய். அன்றைய பையில்: இருபது பின் ஊசி, ஊசி நூல், கேபிள் டை பத்து, இன்சுலேஷன் டேப், விங் நட் இரண்டு கூடுதலாக (கை தவறி விழுந்தால் கூட்டத்தில் கிடைக்கவே கிடைக்காது), குதிகாலுக்குப் பிளாஸ்திரி, மடிக்கும் செருப்பு, பெரிய குப்பைப் பை இரண்டு. குப்பைப் பை மழைக்கு. ஜூன் கடைசியில் சாயங்கால இடி மழை அதிசயமில்லை. தூறினால் விங் நட்டைக் கழற்றி, இறக்கை ஒன்றுக்கு ஒரு பையாக மாட்டிவிடலாம். நனைந்தே போனாலும் ஆர்கன்ஸா பத்து நிமிடத்தில் காயும், பிரம்புக்கு ஒன்றும் ஆகாது. வீட்டுக்கு வந்து சாய்த்து மட்டும் வைத்துவிடாதீர்கள், ஈரப் பிரம்பு சாய்ந்தபடியே காய்ந்து கோணிவிடும். குழாய் முனையில் கயிறு கட்டி, மின்விசிறிக்குக் கீழே தலைகீழாகத் தொங்கவிடுங்கள்.